கறுப்பு ரிப்பன்

தாராவிச் சந்து முழுக்க ஆட்கள் விழுந்து கிடந்தார்கள். பல்கலைக்கழக மாணவி ஷர்மிளா, பட்டறை வாசலில் கிடந்த இசக்கிதுரையின் மணிக்கட்டில் கறுப்பு ரிப்பனைக் கட்டினாள்.

அவர் மனைவி மாரிசெல்வி அவள் கையைப் பிடித்தாள். "எதுக்கும்மா கறுப்பு கட்டுத?"

"கறுப்புன்னா இறந்தவங்க அக்கா. சிவப்பு கட்டினவங்களைத்தான் முதல்ல தூக்கணும்."

"அப்ப சிவப்பக் கட்டு தாயி! மூச்சு இருக்கு, பாரு. நெஞ்சு வலிக்குன்னு இப்பத்தான் விழுந்தாவ. உன் காலப் பிடிக்கேன்!"

"வாசல்ல கிடக்கிறவருக்குக் கறுப்புன்னு சார் சொல்லிட்டாரு. நான் மாத்த முடியாதுக்கா."

ஸ்ட்ரெச்சர்கள் அவர்களைத் தாண்டிப் போயின. மாரிசெல்வி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். யாரோ அவளைப் போனில் படம் பிடித்தார்கள்.

விசில் ஒலித்தது.

"பேரிடர் ஒத்திகை முடிஞ்சுது. எல்லாரும் எழுந்திருக்கலாம்!" என்றார் பேராசிரியர் பிரம்மநாயகம் மைக்கில்.

செத்தவர்களும் காயம்பட்டவர்களும் எழுந்தார்கள். தூசியைத் தட்டிவிட்டு, சிரித்தபடி வடாபாவ் வாங்க வரிசையில் நின்றார்கள்.

பேராசிரியர் மாரிசெல்வியிடம் வந்தார். "பிரமாதமா நடிச்சீங்கம்மா. எனக்கே ஒரு நிமிஷம் பதறிப்போச்சு. போதும், அவரை எழுப்புங்க."

அவள் கணவனின் நெஞ்சில் காதை வைத்தபடி கிடந்தாள்.

அப்போது மாணவன் எட்வின் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சாரி சார், குர்லாவில லோக்கல் ரயில் நின்னுபோச்சு. பட்டறை வாசல்ல பொணமாப் படுக்க வேண்டியவன் நான்தானே? என் இடத்தில யாரு சார் படுத்திருக்கா?"