நீலத்தில் ஒரு கிணறு

1991 பங்குனி. வெள்ளிதோறும் ஒரு கம்பெனியிலிருந்து பள்ளிக்கு வந்து இலவசமாகக் கணக்கு சொல்லித்தரும் இளம்பரிதி சார், ஊரின் வரைபடம் வரைந்துவரச் சொல்லியிருந்தார். நன்றாக வரைபவருக்கு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசு.

“வத்தாத கெணறு எதுன்னு நீலத்துல காட்டணுமாம்ப்பா,” என்றாள் எட்டாவது படிக்கும் சசிரேகா.

தாண்டவராயனுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக் கிணற்றை நம்பித்தான் அவருடைய இரண்டு ஏக்கரும் பிழைத்தன.

“செம்பரம்பாக்கம் ஏரியே தரை தட்னாலும் நம்ம கெணறு வத்தாது. பெருசா போடு. பக்கத்துல நம்ம வூட்டையும் போடு.”

சசிரேகாவுக்கே முதல் பரிசு. வரைபடத்தை சார் வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் இரண்டு வெள்ளி அவர் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு ஜீப், யாரிடமும் வழி கேட்காமல், நேராகக் கிணற்றடியில் வந்து நின்றது. அளவுச் சங்கிலியோடு இருவர் இறங்கினார்கள்.

“யார் எடத்துல இன்னா சார் அளக்கறீங்க?” தாண்டவராயன் ஓடினார்.

“கம்பெனிக்கு எடம் பாக்கறோம். வத்தாத தண்ணி இங்கதானே?”

ஒருவர் கையிலிருந்த காகிதத்தை விரித்தார். மகளின் கையெழுத்து. கிணறு வரைந்தபடியே நீலமாக இருந்தது. பக்கத்தில் இருந்த வீட்டின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

பின்னாலேயே ஓடிவந்த சசிரேகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சிவப்பைத் தொடவே இல்லப்பா.”