வரைபடத்தில் இல்லாத ஆறு

சோவியத் ஆட்சி போன கையோடு எஸ்தோனியாவின் தூதராகிவிட்ட புவியியல் பேராசிரியர் ஹெல்துர், லாத்வியாவுடனான எல்லை ஆறு இதுதான் என்று காட்டுவதற்காகவே அதற்குள் இறங்கி நிற்கிறார். மார்ச் வெயில் பனிக்கட்டியில் பட்டுக் கண் கூசுகிறது. பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்கிறது. கரையில் லாத்விய அதிகாரி இல்க்வார்ஸ், ஒரு காலத்தில் அவருடைய மாணவர், ஜீப்பின்மேல் பழைய சோவியத் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமலிருக்கக் கறுப்பு ரொட்டியைப் பாரம் வைக்கிறார். “படத்துல ஆறு இன்னும் வடக்கே இருக்கு சார்.” “என் கால் நனையுதுய்யா! ஒற்றனை ஏமாத்த மாஸ்கோக்காரன் வேணும்னே படத்துல தள்ளிப் போட்ட ஆறு அது. உனக்குத் தெரியாதா?” இல்க்வார்ஸ் நிதானமாக ரொட்டியை நகர்த்தி வைக்கிறார். “தெரியும் சார். இது எங்க ஊரு ஆறு. அன்னிக்குப் பரீட்சையில இது ஓடுற இடத்தை உள்ளபடிதான் எழுதினேன். படத்துல அப்படி இல்லைன்னு நீங்க முட்டை போட்டீங்க.”