சமவெளித் தடம்

2064 ஜனவரி 17 அன்று காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டடிப் பனி விழுந்திருந்தது.

பூங்கோதை உணர்வுடையை அணிந்துகொண்டாள். அவள் சறுக்கினால், சந்தா கட்டியவர்கள் வீட்டில் படுத்தபடியே தங்கள் கால்களே சறுக்குவதுபோல் உணர்வார்கள். செங்குத்துச் சரிவுக்கும் பனித்தாவலுக்கும் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். தேவதாரு மரங்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து செல்லும் சமவெளித் தடத்துக்கோ வேளச்சேரி தேவசகாயம் ஒருவர்தான். இன்றோடு அதை மூடுகிறார்கள்.

"நாளையிலேருந்து சரிவுக்கு வந்துடுங்க சார். பறக்கிற மாதிரி இருக்கும்," என்றாள் பூங்கோதை.

"பறந்து எங்கம்மா போகப் போறேன்?" அவர் குரல் அவள் காதுக்குள் சிரித்தது. "விபத்துல கால் போய் பதினோரு வருஷமாச்சு. இதுலதான் நடக்கிற மாதிரி இருக்கு."

அவள் கிளம்பினாள்; சறுக்குக்கட்டைகள் பனியில் உரசின. மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மைக்குள் கரைந்து பின்னால் போயின. தடத்தின் முடிவில் அவளை அழைத்துப்போக வண்டி நின்றது. அவள் சறுக்குக்கட்டைகளைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டாள்.

"என்னம்மா, கழட்டிட்டே?"

"நடந்தே திரும்புவோம் சார். கணுக்கால் வரைக்கும் புதையுது."

"தெரியுது தாயி. சில்லுன்னு இருக்கு."

தடத்தின் நான்கு கிலோமீட்டரையும் இருவரும் நடந்தே திரும்பினார்கள். மாலை ஐந்து மணிக்குத் தடம் மூடப்பட்டது.