இழுத்துக் காட்டும் டிவி

ஒரகடத்து வாடகை வீட்டின் புது வைடு டிவியில் கல்யாண சி.டி. ஓடியது. ஊரிலிருந்து வந்திருந்த செல்லக்கனி, திரையையும் மகள் கவியாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒரு வருசத்துல எலும்பாயிட்டியே. பேசாம என்கூட வந்துரு."

"நான் இளைக்கலம்மா. வைடு டிவி பழைய படத்தை இழுத்து, ஆளைக் குண்டாக் காட்டும். இவுகளைக் கேளு."

டிவி கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்த மருமகன் பேச்சிராஜ், திரையைப் பார்க்காமலே, "ஆமா அத்தை" என்றான். செல்லக்கனி நிம்மதியாக ஊருக்கு பஸ் ஏறினாள்.

அவளை அனுப்பிவிட்டு வந்தவன், படத்தைச் சரிசெய்ய ரிமோட்டை எடுத்தான். படம் ஏற்கெனவே பழைய படத்துக்கு உரிய 4:3 அளவில், இரு ஓரமும் கறுப்புப் பட்டையோடுதான் இருந்தது. டிவி எதையும் இழுக்கவில்லை.

"சோறு போடவா?" என்றாள் கவியா. "தனியாச் சாப்பிட்டா எனக்கு எறங்க மாட்டேங்கு."

தினமும்போல் கேண்டீனில் சாப்பிட்டு வந்திருந்த பேச்சிராஜ், தலை குனிந்து தட்டின் முன் உட்கார்ந்தான்.