றோல்ஸ் காணாது

நாளை மாலை ஏழரைக்கு வான் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று ரஞ்சினி மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

சொன்னதோடு விட்டாளா? யார் எங்கே இருப்பது என்று ஒரு தாளில் படம் கீறி, பக்கத்து வீட்டுத் தேவராஜாவின் பிள்ளைகள் இரண்டையும் பின்னால் தள்ளி, கணவர் சூசையை முன்னால் போட்டாள். வான் தேவராஜாவுடையது. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கமராவுக்கு இரண்டு பிலிம் ரோல் வாங்கியாயிற்று. டோர்ச், பிளாஸ்கில் தேத்தண்ணி, இந்த ஊர்க் காற்றை நம்ப முடியாது என்று ஆளுக்கொரு ஜாக்கெட். மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட அவள் இப்படி ஓடித் திரிந்ததில்லை.

கிளென் வேவர்லியில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி; வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. இந்த நாட்டில் டிசம்பர் கோடைகாலம், ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். மகள் டிலானி கூடத்து மூலையில் குந்தியிருந்து கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குப் புல் நட்டுக்கொண்டே, நாளை லைட் பார்க்கப் போகும் மாளிகைத் தோட்டத்தில் மயில் நிற்குமா, ஐஸ்கிரீம் விற்குமா, எத்தனை லைட் என்று வாய் ஓயாமல் கேட்டாள்.

"பதினோராயிரத்து நானூறு," என்றார் சூசை.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒஃபிசில் இருக்கிற மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

ஒஃபிஸ் என்பது வீட்டில் அவர் சொன்ன கதை. நாளை போகும் அந்த ஹாதர்லி மாளிகை நூற்றிருபது வருசப் பழையது. அதன் ஒஃபிசில் மின்சாரப் பிரிவில் வேலை என்று அவிழ்த்துவிட்டிருந்தார். உண்மையில் அவருக்கு வேலை அதன் தோட்டத்து மரங்களில். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருசம் மின்சார சபைக் கதிரையில் இருந்தவர், ஏழு கிழமையாக ஏணியில் நின்று கிறிஸ்மஸ் லைட் கட்டுகிறார்.

வேசத்தில் அவர் குறை வைக்கவில்லை. காலையில் தேய்த்த வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாகக் கிளம்புவார். தோட்டத்து வாசலில், காருக்குள் வைத்தே மஞ்சள் சட்டைக்கு மாறுவார். மாலையில் மறுபடி வெள்ளை. கறுப்புக் காற்சட்டை மட்டும் நாள் முழுக்க ஒன்றுதான். அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

நாளை லைட் ஏற்றும் முதல் நாள். கட்டிய ஆட்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். அதில் ஒருவன் "ஹேய் சூஸ்!" என்று தோளில் தட்டினால் போதும், தேவராஜா பார்த்திருக்க மானம் கப்பலேறிவிடும். ரஞ்சினியின் முகத்தை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது?

தலையிடி என்று படுத்துவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தபடி இருந்தார்.

ஆனால் ஆசை விட்டால்தானே! கட்டிய லைட்டில் ஒன்றைக்கூட அவர் இருட்டில் பார்த்ததில்லை. பட்டப்பகலில்தான் எரித்துப் பார்ப்பார்கள். எரிகிறதா என்று அறிய பல்பைக் கையால் பொத்த வேண்டும். நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும். குளக்கரையில் நிற்கும் பெரிய ஓக் மரத்தை அடியிலிருந்து உச்சிக்கொப்பு வரை அவர்தான் கட்டினார். வயரைக் கொப்போடு சேர்த்துப் பச்சைப் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கி, மிஞ்சிய நுனியை வெட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட வேண்டும். புல்லில் போட்டால் மயில் விழுங்கிவிடும் என்று மேலாளர் கத்துவார்.

அந்த மரம் நாளை ஒன்பதுக்கு ஒரேயடியாக எரியும்.

ரஞ்சினி குசினி மேசையில் ஆட்டிறைச்சி றோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள். சூசை சும்மா எண்ணிப் பார்த்தார். போவது ஏழு பேர். ஆளுக்கு இரண்டு என்றாலும் பதினாலு. தட்டில் இப்போதே இருபத்தெட்டு இருந்தது.

"இவ்வளவும் ஆருக்கு?"

அவள் நிமிரவில்லை. "உங்களோட மரத்தில ஏறுற ஆக்களுக்கு. அவையளும் நாளைக்கு வருவினம்தானே, வெறுங்கையோட போகேலுமே?"

இவளுக்கு யார் சொன்னது? எப்போதிருந்து தெரியும்?

கேட்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது. மா படிந்த விரலால் கூடத்து மூலையைக் காட்டினாள்.

குடிலில் மாட்டைச் சுற்றியும் இடையர்களின் காலடியிலும் பச்சைப் புல் அடர்ந்து நின்றது. அவர் கிட்டப் போய்க் குனிந்தார். புல் அல்ல, எல்லாம் அவர் மரத்தில் வெட்டிய பிளாஸ்டிக் பட்டி நுனிகள். டிலானியின் மடிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஜாம் போத்தல் நிறைய இருந்தது.

கலியாணம் கட்டிய நாள் முதல் சூசை உடுப்புத் தோய்த்ததில்லை. காற்சட்டைப் பையைத் தட்டித் தோய்க்கப் போடுகிறவள் ரஞ்சினிதான் என்பது அவருக்கு இந்த நிமிடம்வரை நினைவில் வரவில்லை.

சூசை கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, குசினிக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இது காணாது," என்றார். "மரத்தில நாங்கள் பதினொரு பேர்."

ரஞ்சினி மாவுக்குள் இன்னொரு முட்டையை உடைத்தாள்.