எல்லோரும் பார்த்த காட்சி

காலை பதினொன்று ஐந்து. மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, ஆறாவதாகப் பேனா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கதை சொல்பவர் நின்றுதான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் படக் கம்பெனியின் வழக்கம். பேனா என்பது பட்டப்பெயர். வசனம் எழுத வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"அஞ்சு பூதம், அஞ்சு படம்! ஆறாவதுல அஞ்சும் ஒண்ணா மோதுது!" தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "எல்லாத்துக்கும் அஸ்திவாரம் நம்ம சுரங்கப் பூதம். அம்பது வருஷத்துக்கு முன்னால வந்த பழைய படத்துப் பூதத்தைத் திரும்ப எழுப்பறோம். அது ஆடினா மொத்தமும் அம்பேல். க்ளைமாக்ஸைச் சொல்லும்மா. இன்னிக்கும் பிடிக்கலைன்னா நாளைக்கு வேற ரைட்டர்."

பேனா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சுரங்கத்துல வழி தவறின குழந்தையைப் பூதம் தூக்குது சார். அவ்வளவுதான், தின்னப் போகுதுன்னு எல்லாரும் நினைக்கறப்ப, தோள்ல உக்கார வெச்சு வாசல் வரைக்கும் கொண்டுவந்து இறக்கி விட்டுட்டு, மறுபடி உள்ளே போயிடுது."

"இது பூதமா, ஆயாவா?" என்றார் இயக்குநர். ஐவரும் சிரித்தார்கள்.

"பயமே போச்சேம்மா! அடுத்த படத்துக்கு எவன் வருவான்?" என்றார் தயாரிப்பாளர்.

வேலை கையை விட்டு நழுவுவது பேனாவின் கண்ணுக்கே தெரிந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சார், இது என் கற்பனை இல்ல. பழைய படத்துலயே இருக்கற காட்சி."



"அடடா, அந்தக் காட்சியா!" தயாரிப்பாளர் முகம் மலர்ந்தது. "சின்ன வயசுல பாத்துட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கேன்!"

"அந்த லைட்டிங்!" என்று கண்ணை மூடிக்கொண்டார் ஒளிப்பதிவாளர்.

"அதுல மியூசிக்கே வராது. அதான் கெத்து," என்றார் இசையமைப்பாளர்.

"நான் சும்மா உன்னைச் சோதிச்சேன்," என்றார் இயக்குநர், கொஞ்சமும் கூசாமல்.

பேனா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே இருந்த ஒருவருமே பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. பழைய படத்தை எடுத்தவருடைய மகள், உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தார்.

"வாங்கம்மா, வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்றார் தயாரிப்பாளர். "பூதம் குழந்தையைத் தோள்ல தூக்கிட்டு வருமே, அந்தக் காட்சியை அப்படியே வைக்கறோம். உங்கப்பா அதை எப்படித்தான் எடுத்தாரு?"

பேனா வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள்.

அம்மாள் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக, நின்றுகொண்டிருந்தவளின் முகத்தை.

"மூணு நாள் எடுத்தாரு," என்றார் நிதானமாக. "பூதம் வேஷம் போட்டவருக்குத் தோள் சுளுக்கிடுச்சு."

"பாத்தீங்களா!" தயாரிப்பாளர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "க்ளைமாக்ஸ் முடிஞ்சுது! பேனா, ஆறு படத்துக்கும் நீதான்!"

கையெழுத்து முடிந்து அம்மாளை வழியனுப்பப் பேனா கூடவே போனாள். லிஃப்டில் இருவர் மட்டும்.

"நீ படம் பாக்கலை," என்றார் அம்மாள்.

"இல்லம்மா, மன்னிச்சிடுங்க. வேலை போயிடுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நாளைக்கு அவங்க போட்டுப் பாத்தா என் கதி என்ன?"

"பாக்கறவங்களா இருந்தா இத்தனை நாள்ல பாத்திருக்க மாட்டாங்களா?"

"ஆனா நீங்க ஏம்மா எனக்காகப் பொய் சொன்னீங்க?"

"அந்தக் குழந்தையா நடிச்சது நான்தான்."

பேனா அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"பூதம் என்னை அப்படியே முழுங்கிட்டு, ரிப்பனை மட்டும் துப்பும். பள்ளிக்கூடத்துல என் பேரே 'மிச்சம்'. சித்தப்பா பசங்க இன்னிக்கும் அப்படித்தான் கூப்பிடறாங்க." லிஃப்ட் நின்றது. "இந்தத் தடவையாவது என்னை இறக்கி விடச் சொல்லு."

அடுத்த ஆண்டு ஜூன் பதினான்காம் தேதி படம் வெளியானது. குழந்தை பிழைத்துக்கொண்டது.