சிப்பின் மேல் சிவப்புப் புள்ளி

கையும் களவுமாகப் பிடிப்பதில் இன்ஸ்பெக்டருக்குக் கொள்ளை ஆசை. போலீஸ் வேலையில் ஓய்வு பெற்று, போன் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த பிறகும் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள். இரண்டு வருடமாகப் பிடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. இன்று கிடைத்துவிட்டான்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு கடை. இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். உள்ளே போன் மெக்கானிக், அவனுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. கம்பெனி 128 ஜி.பி. என்று விற்ற போன்கள் அந்தத் திரைக்குள் போய் 256 ஆகத் திரும்பின. கம்பெனியில் 256 வேண்டுமென்றால் போன் விலையில் பாதியை மேலே வைக்க வேண்டும். இவனோ ஒரு சினிமா டிக்கெட் காசுக்குச் செய்து கொடுத்தான்.

"நம்ம கிடங்குச் சிப்பைத் திருடி மாட்டுறான், வேற என்ன?" என்று கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார்.

கிடங்கில் எண்ணிப் பார்த்ததில் ஒரு சிப்கூடக் குறையவில்லையே என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"அதையும் ஆளை வெச்சு சரிக்கட்டியிருப்பான். நீங்க அவனைத் தூக்கிட்டு, அவன் மாத்திக் குடுக்குற போனைப் பிரிக்காம நேரா என் கையில குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் தொழில் தெரிந்தவர். மேனேஜரிடம்கூடச் சொல்லாமல், நேற்றே ஒரு புது 128 போனைப் பிரித்து, அதன் மெமரி சிப்பின் மேல் அழியாத மையால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து மூடிவிட்டார். புள்ளி வைத்த சிப் போய் வேறொன்று வந்திருந்தால், அதற்கு மேல் சாட்சியே வேண்டாம்.

வாடிக்கையாளர் போலக் கடைக்குள் நுழைந்தார். அவருக்கு முன்னால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, இவன் நேத்துதான் நாலு அடி நடந்தான். வீடியோ எடுத்தா இடமில்லைன்னு சொல்லுது. இவங்க அப்பா கப்பல்ல இருந்து வர இன்னும் ஆறு மாசம் ஆகும். பழசுல எதைன்னு அழிக்கிறது?"

"எதையும் அழிக்காதம்மா. உன் போன் ரெடி, எவ்வளவு வேணா எடு."

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அதை உள்ளே வை. நடக்க ஆரம்பிச்சுட்டான்ல, செருப்பு வாங்கிக் குடு."

திருட்டுச் சரக்கில் தர்மம் வேறா என்று இன்ஸ்பெக்டர் மனதுக்குள் சிரித்தார். அவள் போனதும் தம் போனை நீட்டினார். மெக்கானிக் அதை வாங்கி, ஒரு கணம் கண்ணை மூடி உதடுகளை அசைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். இந்த வேலைக்குப் பிரார்த்தனையும் உண்டு போலிருக்கிறது. கடவுள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

பத்து நிமிடத்தில் போன் திரும்பி வந்தது. அதன் திரை 256 என்று காட்டியது.

"பரவாயில்லையே தம்பி. இந்தச் சிப் எல்லாம் எங்கேயிருந்து வருது?"

"என்னோடது ஒண்ணும் இல்லை சார். எல்லாம் அந்தக் கம்பெனியில இருந்து வந்ததுதான்," என்றான் மெக்கானிக் கூசாமல்.

இவ்வளவு சுலபமான வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் தம் முப்பது வருட சர்வீஸில் கேட்டதில்லை. வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். கம்பெனி கொடுத்த புகாரின் பேரில் ஸ்டேஷனிலிருந்து வந்து எதிரே நின்றிருந்த ஏட்டு கைவிலங்கோடு உள்ளே வந்தார்.

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. "சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"இல்லை சார், ரெடியாயிருக்கிற இந்த நாலு போனையும் வாங்க சாயங்காலம் வருவாங்க. பாவம், அலைவாங்க. பக்கத்துக் கடையிலயாவது குடுத்துட்டு வந்துடறேன்."

"உள்ளே போகப் போறவனுக்கு ஊர்க்கவலையைப் பாருங்க ஏட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிரிக்காமல் கொண்டுவரச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் தடயத்தைச் சாட்சி முன்னால் பிரித்துப் பார்ப்பதுதான் முறை. அது தெரியாமல் மேனேஜர் ஏதோ சொல்கிறார். முப்பது வருடப் பழக்கத்தை இவருக்காக விட முடியுமா?

"இதைப் பிரி. ஏட்டு கண்ணால பார்க்கட்டும்."

மெக்கானிக் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "இப்பத்தான் சார் இதை முதல் தடவையாப் பிரிக்கிறேன்."

"ஆமாமா. இத்தனை நேரம் உள்ளே பூஜை பண்ணிட்டிருந்தே."

மூடி கழன்றது. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை.

"என்ன சார், திருட்டுச் சிப்தானே?" என்று கேட்டபடி ஏட்டும் எட்டிப் பார்த்தார்.

பாதி இடம்தான் என்று கம்பெனி விற்ற அதே சிப், நேற்று இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே வைத்த சிவப்புப் புள்ளியோடு, வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"முழு சிப்பைத்தான் சார் உள்ளே வெச்சு அனுப்புறாங்க," என்றான் மெக்கானிக் மெதுவாக. "பாதியை சாஃப்ட்வேர்ல பூட்டிட்டு, திறக்கத் தனியாக் காசு கேக்குறாங்க. கேபிளைச் சொருகி நான் பூட்டை மட்டும் எடுத்துட்டேன்."

ஏட்டு கைவிலங்கை இடுப்பில் திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மேனேஜர் இப்போ ஆபீஸ்ல இருப்பாரா சார்?" என்று கேட்டார்.